இடிந்ததும் இடித்ததும்

கீழ்வேளூர்,
ஐப்பசி

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே எழுத உட்கார்ந்தேன். மழை விடவில்லை, இரண்டு நாள் கரண்ட் இல்லை, அப்புறம் வயல். சம்பா நட்டு இருபது நாள்தான், முழங்கால் தண்ணீர் நிற்கிறது. வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டுவிட்டது. இந்த வயதில் நானும் இறங்கி இழுத்தேன். மூட்டுவலி மாத்திரை தீர்ந்துபோனதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள் உன் தங்கச்சி.

பேரன் படிக்கும் பள்ளியைப் பற்றி எழுதியிருந்தாய். சர்ச் நடத்துகிற பள்ளிக்கு அரசாங்கம் முழுக் காசு கொடுக்கிறதே, 1917-லிருந்தே ஹாலந்தில் இப்படித்தானாமே, மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் இந்த மாதிரி தனியார் பள்ளியில்தானாமே என்று உனக்கு ஒரே ஆச்சரியம். எனக்கென்ன ஆச்சரியம்? 34 வருஷம் நான் சம்பளம் வாங்கியது எங்கே? உதவிபெறும் பள்ளி. நியமனம் தாளாளர் கையில், சம்பளம் கருவூலத்திலிருந்து.

டச்சுக்காரர்கள் கப்பலோட்டிய வீரம் மூன்று வாரம் பாடம் நடந்ததாம், நாகப்பட்டினம் என்ற பேரே வரவில்லையாம். 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடித்து, 1781-இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும்வரை நம் நாகையில் உட்கார்ந்திருந்தவர்கள்! வந்த கையோடு என்ன செய்தார்கள் தெரியுமா? பீஜப்பூர்ப் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடிக்கொண்டிருந்த 1659-61 காலம் அது. பஞ்சத்தில் விலைபோன ஜனங்களை ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றினார்கள். இதைப் பத்து வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது என்று அந்த டீச்சர் தயங்கியிருக்கலாம். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காரணம் இது. ஒரு வருஷம் ஒன்பதாம் வகுப்பை எழும்பூர் மியூசியத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். நாகப்பட்டினத்தில் கிடைத்த புத்தர் சிலைகள் முன்னால் எல்லாரும் நிற்கிறோம். சாண் உயரம், முழ உயரம், தலைக்கு மேலே தீச்சுடர். 1856-லிருந்து 300-க்கும் மேல் மண்ணிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஆனைமங்கலத்துப் பையன் ஒருவன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். அவன் ஊரைத்தான் ராஜராஜன் நாகையின் சூடாமணி விகாரத்துக்கு விட்டுக்கொடுத்தான். கடல் கடந்து கடாரத்தரசன் கட்டிய புத்தர் கோயில் அது. பையன் திரும்பி, "இவ்வளவு சாமி கிடைச்சிருக்கே, கோயில் எங்க சார்?" என்றான்.

"காலப்போக்குல இடிஞ்சுபோச்சுப்பா" என்றேன்.

இடிந்துபோகவில்லை, மாப்பிள்ளை. செங்கல் கோபுரம் ஒன்று மூன்று நிலையோடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். 1867-இல் அரசாங்கத்தின் அனுமதியோடு ஏசுசபைப் பாதிரிமார் இடித்தார்கள். தமிழில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், இடிந்தது, இடித்தது. அந்த 'த்'தை என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் பள்ளியை நடத்தியதும் கிறிஸ்தவ சபைதான் (ஏசுசபை இல்லை, அது வேறு). தாளாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், அந்தத் திமிர் எனக்கு உண்டு. யாரும் சொல்லாமல் நானாகவே விழுங்கியதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மற்ற பள்ளிகளில் மட்டும் என்ன வாழ்ந்தது? இந்து அறக்கட்டளைப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்த நம் சிநேகிதர் பெரிய கோயிலை ஒரு வாரம் உருகி உருகி நடத்துவார், ஆனைமங்கலத்துக்கு ஒரு வரி. நாகையிலிருந்த பொன் புத்தரைத் திருமங்கையாழ்வார் எடுத்துப்போய்த் திருவரங்கத் திருப்பணி செய்தார் என்ற குருபரம்பரைக் கதையை மட்டும் சாமர்த்தியம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். முஸ்லிம் நிர்வாகப் பள்ளியில் படித்துவந்த பிள்ளையிடம் நாகூர்ப் பெரிய மினாராவை யார் கட்டினார்கள் என்று கேட்டேன். 131 அடி என்று டக்கென்று சொன்னான். கட்டிக்கொடுத்தது தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப் சிங் என்பது அவனுக்குத் தெரியவில்லை.

பாடநூல் எல்லாருக்கும் ஒன்றுதான், அதில் யாரும் கை வைப்பதில்லை. மணி அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கும்போது எந்தப் பாராவைத் தள்ளுகிறோம் என்பதிலேயே காரியம் முடிந்துவிடும். உதவிபெறும் பள்ளியில் மதபோதனைக்கு உட்காரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியல் சட்டம் 28-ஆம் பிரிவு சொல்கிறது. சரி, மறைக்கல்வி வகுப்பென்றால் பிள்ளை எழுந்து வெளியே போகலாம். வரலாறு பீரியடில் எங்கே போவான்?

இதற்காக உதவியை நிறுத்து என்று கத்துகிறவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதே. 1707-லேயே தரங்கம்பாடியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது மிஷன்காரர்கள்தான். உன் அம்மா கையெழுத்துப் போடக் கற்றதும் அப்படி ஒரு பள்ளியில்தானே. காசு கொடுக்கட்டும். ஆனால் அது எல்லார் வரிக்காசு என்பது வகுப்பில் நிற்கிறவனுக்கு உறைக்க வேண்டும். எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் உறைத்தது.

போன மாதம் நாகை பஸ் ஸ்டாண்டில் அந்த ஆனைமங்கலத்துப் பையனைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது, உரக்கடை வைத்திருக்கிறான். டீ வாங்கிக் கொடுத்தான். மனசு கேட்காமல் விஷயத்தைச் சொன்னேன். "தெரியும் சார், அப்பவே எங்க தாத்தா சொல்லிட்டாரு" என்றான்.

"பின்னே ஏண்டா கேட்டே?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் சார்."

டீ தொண்டையில் இறங்கவில்லை.

ராஜராஜன் அந்த ஊரை விகாரத்துக்கு விட்டுக்கொடுத்ததைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேடு நெடுங்காலம் நீ இருக்கும் லெய்டனில்தான் இருந்தது. 21 ஏடு, ஐந்து வடமொழி, பதினாறு தமிழ், எல்லாம் ஒரே வளையத்தில் கோத்தது. இன்னும் இருக்கிறதா என்று அங்கே பல்கலைக்கழக நூலகத்தில் விசாரித்துப் பார். காட்டுவார்கள் என்றால் பேரனையும் கூட்டிக்கொண்டு போ. எந்த ஊர்க் கப்பலில் வந்திருக்கும் என்று அவனே கேட்பான். கேட்டால் இடிந்த கதை சொல்லாதே.

உன் வீட்டுக் கொல்லை முருங்கை காற்றில் சாய்ந்து பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் கிடக்கிறது. வெட்டிவிடட்டுமா, முட்டுக்கொடுத்துப் பார்க்கட்டுமா? சீக்கிரம் எழுது.

உன் மாப்பிள்ளை