சுத்தியல் தலை விரிசல் விட்டது: குண்டு உருவும் கருவிகள் பற்றி ஒரு புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
ஹூஸ்டன் அருகே, டெக்சாஸ்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தோட்டாவிலிருந்து குண்டை உருவ உங்களிடம் வாங்கிய இரண்டு கருவிகளின் குறைகளும், அவற்றோடு வந்த விளக்கத்தாளும்

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தபோது சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினார். ஆங்கிலத்தில் தொடங்கிய பேச்சு பாதியிலேயே தமிழுக்கு மாறிவிட்டது. "நடந்தத எல்லாம் தமிழ்லயே விவரமா எழுதி அனுப்புங்க சார், நான் மேலே கொண்டுபோறேன்" என்றார். என் மூன்று மின்னஞ்சல்களுக்கும் வந்தது ஒரே அச்சுப் பதில். அவரோ நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். அவரை நம்பித்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ரசீதும் புகைப்படங்களும் இணைப்பில் இருக்கின்றன.

நான் ஆறு வருடங்களாக .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாக்களை வீட்டிலேயே ரீலோடிங் செய்து, சனிக்கிழமைகளில் கிளப் மைதானத்தில் 200 கெஜ இலக்கில் சுட்டுப் பழகுகிறேன். சுட்ட பித்தளைக் குப்பியைச் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் புதிதாக வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் குண்டை அமர்த்த வேண்டும்; அப்போதுதான் அது தோட்டா. பொறுமையான வேலை. என் கராஜில் ஒரு மேசையை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

ஜூலையில் ஒருநாள் 50 தோட்டா போட்டு முடித்தேன். தராசை மூடி வைக்கும் முன் தட்டைக் காலியாக வைத்துப் பார்த்தால் பூஜ்யத்துக்குப் பதில் −0.8 கிரெயின் என்று காட்டுகிறது. புழுக்கம் தாங்காமல் நடுவில் பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தேன். காற்று பட்டதில் தராசின் பூஜ்யம் நகர்ந்துவிட்டது. இது முழுக்க என் தவறு, இதில் உங்களுக்குச் சம்பந்தமில்லை. ஒரு கிரெயின் என்பது ஏறக்குறைய 65 மில்லிகிராம்தான். ஆனால் என் மருந்தளவைப் பாதுகாப்பான உச்ச வரம்புக்கு அரை கிரெயின் கீழேதான் வைத்திருந்தேன். 0.8 கூடினால் வரம்பைத் தாண்டிவிடும். எந்தத் தோட்டாவிலிருந்து தராசு தவற ஆரம்பித்தது என்றும் தெரியாது. தோட்டாவை அப்படியே எடை போட்டு, மருந்து கூடினதை மட்டும் ஒதுக்கிவிடலாமே என்று தோன்றலாம். அது நடக்காது. குப்பிக்குக் குப்பியே மூன்று நான்கு கிரெயின் வித்தியாசம் இருக்கும்போது, 0.8 கிரெயின் அதற்குள் மறைந்துபோகும். ஆக, ஐம்பதையும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

அதற்காகத்தான் உங்கள் சுத்தியல் வகைக் கருவியை வாங்கி வைத்திருந்தேன். 25 டாலர்தான். குண்டின் அளவு எதுவானாலும் இந்த ஒன்றே போதும் என்பதால் புதிதாக ரீலோடிங் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் முதலில் வாங்குவார்கள். தோட்டாவின் அடி விளிம்பை காலெட் என்கிற மூன்று துண்டுப் பிடி கவ்விக்கொள்ளும். அந்த மூன்று துண்டையும் ஒரு ரப்பர் வளையம் சேர்த்துப் பிடித்திருக்கும். மூடியைத் திருகிவிட்டுச் சுத்தியலைப் போல அடித்தால், தலை சட்டென்று நிற்கும், குப்பியும் நிற்கும், நிலைமத்தால் குண்டு மட்டும் முன்னே நகரும். இரண்டு மூன்று அடியில் குண்டும் மருந்தும் தலைக்குள் விழுந்துவிடும். கனமான குண்டு சீக்கிரம் வரும், லேசான குண்டுக்கு அடி கூடுதலாக வேண்டும். என் குண்டு 168 கிரெயின், அதனால் சிரமமில்லை.

முதல் இருபதும் ஒழுங்காக வந்தன. கண்ணாடி போட்டிருந்தேன். குண்டின் முனை நசுங்காமல் இருக்க, காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான் ஒன்றைத் தலையின் அடியில் போட்டிருந்தேன். இது உங்கள் விளக்கத்தாளில் இல்லை. கிளப்பில் ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிறகு மருந்தை டீ வடிகட்டியில் சலித்தேன். அந்த மருந்து நறுக்கின பென்சில் முனை போலக் குட்டிக் குட்டிக் குச்சியாக இருக்கும். பன்னிரண்டாவது தோட்டாவின் மருந்தில் வெள்ளையாக ஏதோ பொடி கலந்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் துகள். தலையின் உட்புறம் அப்போதே உதிர ஆரம்பித்திருக்கிறது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும், நான் நிறுத்தவில்லை.

இருபத்தொன்றாவது தோட்டா, இரண்டாவது அடி. சத்தம் மாறியது. வழக்கமான "டொக்" இல்லை, ஓட்டை மண்பானையைத் தட்டினது போல இருந்தது. தலை, கைப்பிடியோடு சேரும் இடத்திலிருந்து மூடி வரைக்கும் விரிசல் விட்டு, மரையும் நழுவி, மூடி தெறித்துவிட்டது. அதன் காலெட்டில் மாட்டியிருந்த குப்பியும் கூடவே பறந்து, சுவரில் பட்டு, ஃப்ரீசருக்கு அடியில் போய் நின்றது. குண்டு பாதி வெளியே வந்திருந்தது. பிரைமர் உயிரோடு அப்படியே இருந்தது. மருந்து தரையெங்கும் சிதறியிருந்தது. வீட்டுக்குள் போகும் கதவருகே என் மகள் நின்றுகொண்டிருந்தாள். யாருக்கும் காயமில்லை. அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டி எடுத்தேன். வேக்குவம் கிளீனர் போடவில்லை. அதன் மோட்டார் பொறிக்கு மருந்து பற்றிக்கொள்ளும்.

உங்கள் அச்சுப் பதில் என்ன சொன்னது? "கான்கிரீட்டில் அதிக பலத்துடன் அடித்திருப்பீர்கள், அதற்கு உத்தரவாதம் பொருந்தாது." நான் கான்கிரீட்டில் அடிக்கவே இல்லை. ஓக் மரத் துண்டு ஒன்றை நட்டுக்குத்தாக நிறுத்தி, அதன் வெட்டு முகத்தில் அடித்தேன். மெத்தென்ற பலகை அடியை விழுங்கிவிடும், கான்கிரீட் தலையைத் தின்றுவிடும், கடின மரத்தின் வெட்டு முகம்தான் இரண்டுக்கும் நடுவில் சரியானது. தலையை நெருக்கத்தில் எடுத்த மூன்றாவது புகைப்படத்தைப் பாருங்கள். அடி விழுந்த முகத்தில் மர நார்தான் ஒட்டியிருக்கிறது, சிமென்ட் கீறல் ஒன்றுகூட இல்லை. விரிசல் அடி பட்ட இடத்திலும் தொடங்கவில்லை. அச்சில் வார்க்கும்போது இரண்டு பாதியும் சேர்ந்த கோடு இருக்கிறதே, அந்தக் கோட்டோடு ஓடியிருக்கிறது. வார்ப்பில்தான் குறை, என் கையில் இல்லை. அதோடு, எதன் மேல் அடிக்க வேண்டும் என்று உங்கள் விளக்கத்தாள் சொல்வது ஒரே ஒரு வார்த்தை: "கடினமான பரப்பில்". கான்கிரீட்டும் கடினமான பரப்புதானே. தாளில் எழுதாத விதியை மீறினேன் என்று பணத்தை மறுப்பது என்ன நியாயம்?

இனி இரண்டாவது கருவி. மிச்சம் முப்பதையும் அடித்து உருவ மனம் வரவில்லை. பிரஸ்ஸில், அதாவது ரீலோடிங்குக்கான கை அழுத்துக் கருவியில், பொருத்தும் காலெட் வகையை உங்களிடமே ஆர்டர் செய்தேன். காலெட் எனக்குப் புதிதில்லை. அப்பா கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். காலெட்டில் கம்பியைப் பிடிப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். இதுவும் அதே வேலைதான். பிரஸ்ஸின் மேலே டை (அச்சு) திருகும் இடத்தில் கருவியைத் திருகி, மேலும் கீழும் நகரும் ராம் என்கிற தண்டில் தோட்டாவை ஏற்றினால் குண்டு காலெட்டுக்குள் நுழையும். மேலே கைப்பிடியை இறுக்கி ராமை இறக்கினால் குப்பி கீழே வரும், குண்டு மேலேயே நின்றுவிடும். மருந்து குப்பியிலேயே இருக்கும், அப்படியே கவிழ்த்துக்கொள்ளலாம். அடியும் இல்லை, சிதறலும் இல்லை. ஒவ்வொரு குண்டளவுக்கும் தனிக் காலெட் வாங்க வேண்டும் என்பதும், பிடிக்க இடமில்லாத குட்டை பிஸ்டல் குண்டுக்கும் மெத்தென்ற ஈயக் குண்டுக்கும் சரிவராது என்பதும்தான் இதன் குறை. என் வேலைக்கு இது பொருத்தமானது.

ஆனால் நீங்கள் அனுப்பிய காலெட்டில் குண்டின் கூர்முனை நுழைந்தது, உடம்பு நுழையவில்லை. பொட்டலத்தின் ஸ்டிக்கரில் 30 என்று இருக்கிறது. காலெட்டை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்தால் விளிம்பில் பொடி எழுத்தில் 7 எம்எம் என்று பொறித்திருக்கிறது. எனக்கு வேண்டியது 30 என்கிற 0.308 அங்குலம், வந்தது 7 எம்எம் என்கிற 0.284 அங்குலத்துக்கானது. ஸ்டிக்கர் மாறிவிட்டது, அவ்வளவுதான். மனிதர் வேலையில் இது நடப்பதுதான், அதற்காக நான் கோபப்படவில்லை. ஆனால் அதற்கு வந்த பதில், "எங்கள் கருவி எல்லா அளவுக்கும் பொருந்தும், சரியாகத் திருகிப் பாருங்கள்" என்பது. அதை நம்பி ஒரு புதியவர் 7 எம்எம் காலெட்டுக்குள் தோட்டாவை பிரஸ் கைப்பிடியின் பலத்தோடு ஏற்றினால் என்ன ஆகும்? குண்டு வெளியே வருவதற்குப் பதில் இன்னும் உள்ளே போகும், மருந்தை அமுக்கும். பொருள் தெரியாதவர் எழுதிய பதில் அது. கடைசியில் பக்கத்துக் கடையில் 30 அளவுக் காலெட் ஒன்றைத் தனியாக வாங்கினேன். மிச்சத் தோட்டாக்கள் முப்பதும் அரை மணி நேரத்தில் முடிந்தன. உங்கள் கருவியின் உடம்பு நன்றாகவே வேலை செய்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். குண்டுகளில் மெல்லிய வளையத் தடம் விழுந்திருக்கிறது, பயிற்சிக்கு வைத்துக்கொள்வேன்.

என்னை உறுத்துவது உங்கள் பெட்டியும் விளக்கத்தாளும்தான். சுத்தியல் கருவியின் பெட்டியில் "எல்லாத் தோட்டாக்களுக்கும்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கிளப்பில் ஒரு நண்பர் அதைப் படித்துவிட்டு, வெடிக்காமல் போன .22 லாங் ரைஃபிள் தோட்டாவை இதில் பிரிக்கலாமா என்று என்னிடம் கேட்டார். தூக்கிவாரிப்போட்டது. .22 ரிம்ஃபயர். அதற்குத் தனிப் பிரைமர் கிடையாது, பற்றும் கலவை விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. இந்தக் கருவி கவ்வுவதும் அதே விளிம்பைத்தான், அடி இறங்குவதும் அங்கேதான். ரிம்ஃபயர் தோட்டாவை இதில் ஒருபோதும் வைக்கக் கூடாது என்பது இந்தக் கருவியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய முதல் விஷயம். அது பெட்டியில் இல்லை, தாளில் நான்கு மொழியில் தேடியும் இல்லை.

பிரைமர் சமமாக அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும்படி சொல்லவில்லை. துருத்திய பிரைமரோடு அடிப்பது ஆபத்து. காலெட் துண்டுகள் மூன்றும் விளிம்பில் நேராகக் கவ்வியிருக்கின்றனவா என்று பார்க்கவும் சொல்லவில்லை. கிரிம்ப் செய்த (குப்பியின் வாயைக் குண்டின் மேல் நெரித்து இறுக்கிய) தோட்டா, கழுத்தில் தார் பூசிய ராணுவத் தோட்டா போன்றவை பத்துப் பதினைந்து அடிக்கும் அசையாது. அவற்றை முதலில் குண்டு அமர்த்தும் டையில் ஒரு துளி உள்ளே தள்ளினால் "டிக்" என்று பிடி விடும், பிறகு எளிதாக உருவலாம். ரீலோடிங்கில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இது தெரியும். தெரியாதவர் பலத்தைக் கூட்டிக்கொண்டே போவார், அப்புறம் தலை உடையும், நீங்கள் கான்கிரீட் என்பீர்கள்.

இந்தக் கருவியை யாரும் ஆசைக்கு எடுப்பதில்லை. எங்கேயோ ஒரு தவறு நடந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கை அதைத் தேடிப் போகும். மருந்து கூடியிருக்கலாம், மாறியே போயிருக்கலாம். அந்த நேரத்தில் கையில் இருக்கும் சாமான், மேசையில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும்விடக் கெட்டியாக இருக்க வேண்டாமா?

எனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சுத்தியல் கருவிக்குக் கொடுத்த பணம் திரும்ப வேண்டும். இன்னொரு சுத்தியல் வேண்டாம். தவறாக வந்த காலெட்டைத் திருப்பி அனுப்புகிறேன், அதன் விலையும் நான் வெளியில் வாங்கிய 30 அளவுக் காலெட்டின் விலையும் வேண்டும். என் தலையோடு ஒரே வார்ப்பில் வந்த மற்றத் தலைகளைச் சோதித்துப் பார்த்து, வாங்கியவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். பெட்டியில் "எல்லாத் தோட்டாக்களுக்கும்" என்பதை எடுத்துவிட்டு, ரிம்ஃபயர் கூடாது என்று அதே கொட்டை எழுத்தில் போடுங்கள். பணம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வேன், இந்த ஒன்று தாமதமாகக் கூடாது. என்னிடம் போனில் பேசிய பெண்ணை, தொழில் தெரிந்த உங்கள் ஆள் ஒருவரோடு உட்கார வைத்து, தமிழிலும் ஒரு விளக்கத்தாள் எழுதச் சொன்னால் நல்லாயிருக்கும். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகள்.

விரிசல் விட்ட தலை, மூடி, மூன்று காலெட் துண்டு, ரப்பர் வளையம் எல்லாம் மருந்துத் துகள் இல்லாமல் துடைத்து ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வுக்கு வேண்டுமானால் முகவரியும் அனுப்பும் செலவு கட்டிய சீட்டும் அனுப்புங்கள், மறுநாளே போட்டுவிடுகிறேன். இரண்டு வாரத்துக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது 2, புகைப்படங்கள் 7