அந்த ஏழாவது வரியை எடுத்துவிடுங்கள்

எங்கள் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், வரன் பதிவை முன்னின்று நடத்தும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு நான் இரண்டு தடவை செயலாளரை நேரில் பார்த்துப் பேசியதும் தெரியும். "பார்க்கலாம்மா" என்று அனுப்பிவைத்தார். போன வாரம் அடுத்த பதிவுக்குப் படிவம் கொடுத்தீர்கள். அதே படிவம். ஏழாவது வரியில் அதே கேள்வி: நிறம் – சிவப்பு, மாநிறம், கருப்பு. இனி வீடு தேடி வந்து கேட்பதில் பயனில்லை என்றுதான் பர்மாவில் இந்த மோல்மீன் நகரத்துத் தமிழர்கள் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அன்று மண்டபத்துக்கு வராதவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு இருபத்துநான்கு வயது. மருந்துக்கடையில் கணக்கு பார்க்கிறாள். பெயர், நட்சத்திரம், படிப்பு, உயரம் எல்லாம் எழுதிவிட்டு ஏழாவது வரியில் 'கருப்பு' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அவள் கருப்புதான். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னாள். மேசையில் இருந்த பெரியவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா இப்படிப் போடுறே, வர்ற வரனும் ஓடிப்போயிரும்" என்றார். மேசை இழுப்பறையைத் திறந்து எழுத்தை அழிக்கிற வெள்ளை மையை எடுத்தார். அவள் போட்ட டிக்கின் மேல் பூசினார், வாயால் ஊதிக் காயவைத்தார், 'மாநிறம்' கட்டத்தில் தானே ஒரு டிக் போட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் நல்ல மனசோடுதான் செய்தார், அது எனக்குத் தெரியும். என் மகள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மாசி மாதம் அரிசி டின்னுக்குள் ஒரு சின்ன டப்பா கிடைத்தது. முகத்துக்குப் பூசுகிற கிரீம். என்ன சேர்த்திருக்கிறது, யார் செய்தது, ஒன்றும் அதில் எழுதியிருக்கவில்லை. முதல் இரண்டு வாரம் முகம் வெளுத்தது. "என்ன அழகாயிட்டே" என்று கோயிலில் நாலு பேர் சொன்னார்கள். அப்புறம் கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிய ஆரம்பித்தது. அடியில் சிவந்து, எரிந்து, காதோரம் திட்டுத் திட்டாய் முன்னைவிடக் கறுத்தது. சிறு வயதிலிருந்து தினமும் காலையில் கல்லில் தண்ணீர் விட்டுத் பர்மாக்காரர்கள் முகத்துக்குப் பூசுகிற தனக்கா மரக்கட்டையை உரசிப் பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறவள். அன்று விரலில் தொட்டுக் கன்னத்தில் வைத்ததும் "அம்மா, எரியுது" என்று கத்தினாள். ஆறு வாரம் அந்தக் கல் காய்ந்தே கிடந்தது.

டாக்டர் அந்தக் கிரீமைக் குப்பையில் போடச் சொன்னார். இந்த மாதிரிப் பெயரில்லாத டப்பாக்களில் பாதரசம் இருக்கக்கூடும் என்றார். பாதரசம் தோலில் கறுப்புநிறம் ஊறுவதைத் தடுக்கும், அதனால்தான் வெளுப்பு. ஆனால் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம் சேர்த்த முகப்பூச்சுகளை 2025-க்குள் ஒழித்துவிட வேண்டும் என்று பாதரசத்தைக் கட்டுப்படுத்துகிற மினமாட்டா ஒப்பந்த நாடுகள் கூடி முடிவெடுத்த அளவுக்கு இது உலகம் முழுக்க இருக்கிற கேடு. உங்கள் படிவம்தான் அவளுக்குக் கிரீம் வாங்கிக்கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. கிரீமை அவளேதான் வாங்கினாள். ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாங்கினாள் என்று எனக்குத் தெரியும்.

"மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள், நாங்கள் என்ன செய்ய?" என்று செயலாளர் கேட்டார். கேட்கட்டும். பெண் பார்க்க வரும்போது அவர்கள் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். அவர்கள் மனசுக்குள் இருக்கிற கேள்வியைக் கோயில் முத்திரை வைத்து ஏன் அச்சடிக்க வேண்டும்? நம் கையில் இருக்கிற அரசாங்க அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். இனம் இருக்கிறது, மதம் இருக்கிறது, உயரம் இருக்கிறது, ரத்த வகை இருக்கிறது, உடம்பில் உள்ள அடையாளம்கூட இருக்கிறது. அந்த அட்டைக்காக நாம் பட்ட பாட்டைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதில்கூட நிறத்துக்கு ஒரு கட்டம் இல்லை. கடைத்தெருவில் யாராவது இந்தியர்களை இளக்காரமாகச் சொல்கிற "கலா" என்ற பர்மியச் சொல்லால் கூப்பிட்டால் நமக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வெளியே அந்த வலியைச் சுமந்துகொண்டு கோயிலுக்கு வருகிற பெண்ணிடம் உள்ளேயும் ஒருவர் நிறத்தைக் கேட்கிறார் என்றால் அவள் எங்கே போவாள்?

அழகு என்பது எப்போதும் ஒரே மாதிரி இருந்ததும் இல்லை. என் அப்பத்தா ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி ரங்கூன் வந்தவர். காதில் தண்டட்டி போட்டு, காது தோளைத் தொடும். தொங்காத காதை மூளிக்காது என்பார். என் அம்மாவுக்கும் சின்ன வயதிலேயே காது வளர்த்தார்கள். பெரியவளான பிறகு பர்மிய சிநேகிதிகள் நடுவில் கூச்சப்பட்டு, அந்தக் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார் அம்மா. தையல் தழும்பு கடைசிவரை தெரிந்தது. ஒரு தலைமுறை அழகென்று வளர்த்ததை அடுத்த தலைமுறை கத்தி வைத்து அறுத்தது, நடுவில் நாற்பது வருஷம்கூட இல்லை. இந்த நாட்டிலேயே பதாங் பெண்கள் சிறு வயதிலிருந்து கழுத்தில் பித்தளை வளையம் ஏற்றுகிறார்கள். கழுத்து நீளுவதில்லை, எடை தாங்காமல் தோளெலும்பு கீழே இறங்குகிறது. சின் மலையில் முகம் முழுக்கப் பச்சை குத்திய பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களின் பேத்திகள் முகத்தில் அது இல்லை, 1960-களில் அரசாங்கமே அதைத் தடுத்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் ஒரு காலத்தில் வெயில் படாத தோலைத்தான் மதித்தார்கள். வயலில் வேலை செய்கிறவர்கள்தான் கறுப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு. பிறகு ஆட்கள் ஆலைக்குள் போனதும், காசுள்ளவர்கள் கடற்கரையில் படுத்துத் தோலைக் கறுக்கவைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

நம் தமிழிலேயே பாருங்கள். சங்கப் பாடல்களில் பெண்ணின் அழகு மாமை நிறம், மாந்தளிர் போன்ற நிறம். காதலன் பிரிந்து போனால் அவள் வெளுத்துப் போவாள். அந்த வெளுப்புக்குப் பசலை என்று பெயர், அது அழகைத் தின்கிற நோய். அன்று நோய் என்று சொன்னதை இன்று டப்பாவில் அடைத்துக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதைச் சொல்லிக்கொடுக்க நம் மண்டபத்து விடுமுறைத் தமிழ் வகுப்பில் ஆள் இல்லை. கிழிந்த பாடநூலை மூன்று பிள்ளைகள் சேர்ந்து பார்க்கிறார்கள், கரும்பலகையில் பாதி உடைந்திருக்கிறது. திருவிழா வளைவுக்கும் விளக்குக்கும் வசூல் நடக்கிறது, இந்த வகுப்புக்கு ஒரு வாத்தியார் வைக்க மட்டும் நான்கு வருஷமாகப் பணம் இல்லை என்கிறீர்கள். இதுவும் என் மனசில் ரொம்ப நாளாக இருக்கிறது. சரி, அதற்குத் தனியாக வருகிறேன். இன்று கேட்பது ஏழாவது வரியை மட்டும்.

பெரியவர்களே, உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1964-இல் அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு நம்மில் பாதிப்பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போய், மிச்சமிருந்த குடும்பங்கள் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிக்க இந்த மாதிரிப் பதிவுகள்தான் வழி. என் கல்யாணமும் இந்த மண்டபத்தில்தான் நடந்தது. அன்று படிவமே கிடையாது. உங்களில் மூத்தவர் ஒருவர் என் அப்பாவிடம் வந்து "நல்ல பையன், உழைப்பாளி" என்று சொன்னார், அவ்வளவுதான். என் நிறத்தை யாரும் எழுதிவைக்கவில்லை.

அடுத்த பதிவுக்கு முன்னால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். அச்சடித்த படிவங்கள் வீணாகும் என்றால் புதிதாக நகலெடுக்கிற செலவை நான் தருகிறேன். அதற்கும் நேரமில்லை என்றால், கட்டுக் கட்டாக இருப்பதை என்னிடம் கொடுங்கள். பேனாவும் அடிக்கோலும் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஏழாவது வரியை அடித்துத் தருகிறேன். நிறத்தைச் சொன்னால்தான் சம்பந்தம் என்கிற வீட்டார் வந்தால், அவர்களுக்கு நீங்களே வாயால் பதில் சொல்லுங்கள். எழுத்தில் மட்டும் வேண்டாம்.

இன்னொன்று. தை மாதம் கொடுத்த படிவம் உங்கள் கோப்பில்தான் இருக்கிறது. என் மகள் அதைத் திருப்பிக் கேட்கிறாள். புது படிவம் வந்தால் நிரப்பித் தருவாளாம், வராவிட்டால் வேண்டாமாம். அந்தத் தாளைத் தயவுசெய்து வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது என் கையில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவள்,
மோல்மீன்