ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதற்கு முன்: சிறுதொழில் முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய முதலாளிகளுக்கு,

வணக்கம். பத்துப் பதினைந்து பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவர்களுக்குத்தான் இந்தக் கடிதம். பெரிய நிறுவனங்களில் பணியாளர் விவகாரங்களுக்கென்றே தனி ஆட்கள் உண்டு. உங்களிடம் எல்லாமே நீங்கள்தான்.

முதலாளி பக்கம் நியாயம் இருந்தும் பணிநீக்க வழக்கு கைவிட்டுப் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் பார்க்கிறேன். கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிடுவது. தயவுசெய்து அந்த வார்த்தையை அன்றைக்குச் சொல்லாதீர்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆவது உடன்படிக்கை 1982இல் வந்தது. ஒருவரை நிறுத்தத் தகுந்த காரணம் வேண்டும், நடத்தையையோ வேலைத் திறனையோ காட்டி நிறுத்துவதானால் அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது அது. கர்ப்பம், சங்கத்தில் சேர்ந்தது, முதலாளிமேல் புகார் கொடுத்தது ஆகியவை காரணமே ஆகாது. எல்லா நாடுகளும் இதை முறைப்படி ஏற்கவில்லை என்றாலும், பல நாட்டுச் சட்டங்களில் இதே கருத்து இருக்கிறது.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? "உங்கள் வேலை திருப்தியாக இல்லை" என்று மெமோ கொடுத்தால் அது எதையும் நிரூபிக்காது. "4ஆம் தேதி 9 மணி ஷிப்டுக்கு 9.40க்கு வந்தீர்கள். 11ஆம் தேதி தகவல் சொல்லாமல் வரவில்லை. எழுத்தில் விளக்கம் கொடுங்கள்" என்று எழுதுங்கள். பதில் தர நியாயமான அவகாசம் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால், மறுத்தார் என்று குறித்து, உடனிருந்தவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், வந்த பதிலை உண்மையாகவே படியுங்கள். வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததாக எழுதியிருந்தால், அதற்கான சீட்டைக் கேட்டுப் பாருங்கள். முன்பு இதே தவறைச் செய்த வேறொருவரை எச்சரித்து விட்டிருந்தால், இவரை மட்டும் ஏன் நிறுத்துகிறோம் என்று யோசியுங்கள். நாளை எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டு, பழைய தேதி போட்ட மெமோக்களைத் தயாரிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அது தவறு. அகப்பட்டுக்கொண்டால் உங்களிடம் இருக்கும் உண்மையான ஆவணங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

மிரட்டி ராஜினாமா எழுதி வாங்குவதும் அப்படித்தான். கட்டாயத்தில் எழுதியது என்று தெரிந்தால், நீதிமன்றம் அதைப் பணிநீக்கமாகவே பார்க்கக்கூடும். "அவர் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர்" என்ற வாதமும் காகிதத்தை மட்டும் வைத்து நிற்காது. நேரத்தையும் வேலையையும் நீங்களே தீர்மானித்தால், உண்மை நிலைதான் கணக்கு.

போகிறவருக்குக் கணக்கைத் தீர்ப்பதில் இழுத்தடிக்காதீர்கள். வேலை செய்த நாட்களின் சம்பளம் அவருடையது. சட்டம் அனுமதிக்காத பிடித்தம் எதையும் அதில் செய்யாதீர்கள். அவருடைய சான்றிதழ்களைப் பிணையாக வைத்திருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள்.

முன்னறிவிப்பு எத்தனை நாள், ஈட்டுத்தொகை எவ்வளவு என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வக்கீலைப் பாருங்கள். பணிநீக்கக் கடிதத்தைக் கொடுத்த பிறகு அல்ல, கொடுப்பதற்கு முன்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் ஒருவர்