மழைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

இருசக்கர வாகன உற்பத்தி நிறுவனங்களின் சேவைப் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

வண்டியோடு நீங்கள் தரும் உரிமையாளர் கையேட்டில் இருக்கையின் உயரம், தரை இடைவெளி, இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் எல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் அச்சாகியிருக்கின்றன. எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் என் கையேட்டில் எங்கும் காணோம். சென்னையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்ற எல்லா எண்களையும்விட அந்த ஓர் எண்தான் தேவைப்படுகிறது. ஆகவே கையேட்டில் மழைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

சென்ற பருவமழையின்போது கிண்டியில் வேலை முடிந்து மடிப்பாக்கம் திரும்பிக்கொண்டிருந்தேன். வேளச்சேரியில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் நின்றது. முதல் கியரில், ஆக்சிலேட்டரை விடாமல், சைலன்சருக்குள் நீர் ஏறிவிடக் கூடாது என்ற ஒரே கவனத்தோடு போனேன். எங்களுக்குத் தெரிந்த மழைப் பாடம் அது ஒன்றுதான். எதிரே வந்த பேருந்து எழுப்பிய அலை என் இடுப்புவரை நனைத்து, இருக்கைக்குக் கீழே புகுந்து வெளியேறியது. எஞ்சின் இரண்டு முறை திணறி நின்றது. யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: செல்ஃப் பொத்தானை அழுத்தினேன். ‘டொக்’ என்று ஓர் ஓசை கேட்டது. மீண்டும் அழுத்தினேன்.

மறுநாள் மெக்கானிக் இருக்கையைக் கழற்றி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். விசிறி மடிப்பாக நிற்க வேண்டிய தாள், கூரை ஒழுகிய வீட்டில் கிடந்த பழைய செய்தித்தாள்போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. பெட்டியின் அடியில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ரப்பர் குழாய் இருந்தது. அதன் மூடியைப் பிடுங்கியதும் தேநீர் நிறத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் அவர் காலில் கொட்டியது. மூன்றாண்டுகளாக ஓட்டும் வண்டியில் அப்படி ஒரு குழாய் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும். “செல்ஃபை அழுத்தாமல் தள்ளிக்கொண்டு வந்திருந்தால், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி அனுப்பியிருப்பேன் சார்” என்றார். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கலாம், காற்று வாய் வழியே புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது என்பதை, பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு என் வண்டியில் வளைந்து காட்டியது.

உத்தரவாதக் காலம் இன்னும் முடியவில்லையே என்று சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். ஜாப் கார்டில் ‘நீர் புகுந்த பழுது, உத்தரவாதத்தில் சேராது’ என்று எழுதி, 17,400 ரூபாய்க்கு மதிப்பீடு தந்தார்கள். “தண்ணீரில் ஓட்டியது உங்கள் தவறு” என்று மிகப் பணிவாகச் சொன்ன இளைஞருக்குப் பின்னால் சுவரில் தொங்கிய விளம்பரப் படத்தில், அதே வண்டி ஓர் ஓடையைப் பிளந்துகொண்டு போய்க்கொண்டிருந்தது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும் என்பது உங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவ்வளவு காற்றும் நுழையும் ஃபில்டரைப் பற்றி என் கையேடு சொல்வதெல்லாம் ‘16,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றவும்’ என்ற ஒற்றை வரிதான். எண்ணெய் தோய்ந்த தாள் ஃபில்டரை ஏர் கன் வைத்து ஊதக் கூடாது. ஊதினால் எண்ணெய்ப் பூச்சு கெடும். ஆனாலும் ஒவ்வொரு சர்வீஸிலும் அதை ஊதிச் சுத்தம் செய்ததாக ரசீது தருகிறார்கள். நுரைப்பஞ்சு ஃபில்டரை மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து மாட்டலாம். தாளை அப்படிச் செய்ய முடியாது. எந்த வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று சொல்லாததால்தான், ‘பிக்அப் கூடும்’ என்ற பேச்சை நம்பிப் பெட்டியையே கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் பெருகுகிறார்கள். கோடையில் நன்றாக உறுமும் அந்தக் கூம்பு, முதல் மழையில் பின்சக்கரம் வாரியடிக்கும் சேற்று நீரை மறைப்பேதுமின்றி வாங்கிக்கொள்கிறது. எனக்கும் அதைத்தான் சிபாரிசு செய்தார்கள். நான் பழைய பெட்டியையே வைத்துக்கொண்டேன்.

மகிந்திரா தார் கார் 650 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். கார் வைத்திருப்பவர்கள் மழை அறிவிப்பு வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் அதை ஊரே பார்த்தது. எங்களுக்கு அந்த வசதியும் இல்லை, மழை என்பதற்காக விடுப்பும் இல்லை. கிக்கரை எடுத்துவிட்டீர்கள், பொறுத்துக்கொண்டோம். ஃபோனுடன் பேசும் மீட்டரை வைத்தீர்கள், விலையையும் கொடுத்தோம். யார் அழைக்கிறார்கள் என்று காட்டத் தெரிந்த அந்த மீட்டருக்கு, நின்றுபோன எஞ்சினில் செல்ஃபை அழுத்தாதே என்று சொல்லத் தெரியவில்லை. தேங்கும் தண்ணீரைப் பற்றிய மடலை மாநகராட்சிக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்தருள்க. கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமன்று. கையேட்டில் ஒரு பக்கம், அதுவும் தமிழில்: காற்று வாயின் உயரம், ஃபில்டரின் வகை, வடிகால் குழாய் இருக்கும் இடம், வண்டி நீரில் நின்றுவிட்டால் செய்யக் கூடாதவை. செப்டம்பர் மாதச் சர்வீஸில் அந்தக் குழாயின் மூடியை ஒருமுறை திறந்து பார்க்குமாறு உங்கள் சர்வீஸ் சென்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் அனுப்பினால் நன்றியுடையவனாவேன்.

என் வண்டியின் காற்று வாய் 68 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருக்கையைக் கழற்றி, தையல் மிஷினிலிருந்து எடுத்த இன்ச் டேப்பால் நானே அளந்தேன். பத்து நிமிடம் ஆயிற்று.

இப்படிக்கு,
மடிப்பாக்கத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்