பார்ஸ்டல் பள்ளிக்கு எந்தப் புத்தகம்?

புதுக்கோட்டை

அன்புள்ள கயல்,

பார்ஸ்டல் பள்ளிப் பையன்களுக்கு, அதுதான் வழக்கில் சிக்கிய இளவயதுக்காரர்களை வைக்கிற சிறைப் பள்ளியில் இருப்பவர்களுக்கு, என்ன புத்தகம் அனுப்பலாம் என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் நின்றுவிடும், அதனால் எழுதுகிறேன்.

நீதிக்கதையும் முன்னேற்றப் புத்தகமும் வேண்டாம். புத்தி சொல்ல அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. பெரிய எழுத்தில் சின்னச் சின்னக் கதைகள், கபடி, கிரிக்கெட், பைக் ரிப்பேர், இப்படிப் பார்த்து எடு. எல்லாரும் 18 முதல் 21 வயதுக்காரர்கள். குழந்தைகள் படப்புத்தகத்தைக் கொடுத்தால் கூச்சப்பட்டு மறைத்துக்கொள்கிறார்கள்.

நான் அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போவது அப்பாவுக்கு இன்னமும் பிடிக்கவில்லை. அடிதடி, திருட்டு வழக்குப் பையன்கள்தான். அவர்களால் அழுத வீடுகளும் இருக்கின்றன, அதை நான் மறக்கவில்லை. ஆனால் 1991-ல் அறிவொளி இயக்கத்தில் நம் மாவட்டப் பெண்கள் சைக்கிள் மிதித்துப் போய் எழுத்துக் கற்றபோதே நான் பார்த்தது இது: வயது வந்தவர்கள் தங்களுக்கு உடனே வேண்டியதைத்தான் வாசிக்கக் கேட்பார்கள். குவாரிக்குப் போன பெண்களுக்குக் கூலிக் கணக்கு. இந்தப் பையன்களுக்கு அவரவர் கேஸ் பேப்பர்.

ஒருத்தன், ஐந்தாவதோடு நின்றவன். எழுத்துக் கூட்ட வந்ததும் மடித்து மடித்துக் கிழிந்துபோன தாளைத்தான் என்னிடம் நீட்டினான். "வ... ய... து" என்று விரலை நகர்த்திக்கொண்டே போனவன் 19 என்ற இடத்தில் நின்றுவிட்டான். எண் அவனுக்கு முன்னமே தெரியும். அது எதற்கான எண் என்றுதான் தெரியாமல் இருந்தது. "டீச்சர், அப்ப எனக்குப் பதினெட்டே முடியலையே" என்றான்.

சம்பவம் நடந்த அன்று 18 முடியவில்லை என்றால் வழக்கு சிறுவர் வழக்குகளைப் பார்க்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போக வேண்டியது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இதை எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூடக் கேட்கலாம். வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றிதழை. குழுமம் விசாரித்து முடிக்கிற வழக்கு பிற்காலத்தில் அவன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. இலவசமாக வக்கீல் வைத்துக்கொடுக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுவை அவன் கையாலேயே எழுத வைத்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. அவன் அம்மா ஊருக்குப் போய்ப் பள்ளிச் சான்றிதழை வாங்கி வந்துவிட்டாள். அடுத்த மாதம் வாய்தா. என்ன ஆகுமோ, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மற்றவர்களுக்கு எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. எட்டு தேறினால் ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் சேரலாம். வெளியே வந்த முதல் வாரத்தில் போக ஓர் இடம் இல்லையென்றால் பழைய கூட்டாளி வீட்டுக்குத்தான் கால் போகும், கயல். அதனால் எட்டாவது பாடநூல் செட் கிடைத்தால் கதைப் புத்தகத்தைக் குறைத்துக்கொண்டு அதையே கூடுதலாக வாங்கு. கணக்கு கட்டாயம் வேண்டும்.

பார்சலை நம் வீட்டுக்கே அனுப்பு. அதிகாரிகள் பார்த்த பிறகுதான் உள்ளே போகும். பழைய புத்தகமானால் நடுவில் ரூபாயோ சீட்டோ இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து அனுப்பு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா