எங்கள் தோட்டத்துப் பெரியவர்களின் குரலைப் பதிவு செய்யவும் அவர்களைச் சுவரில் வரையவும் உதவி கோரும் மனு

மதிப்புக்குரிய பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் இருந்து எழுதுகிறோம். கேட்பது இரண்டு விடயம்தான். எங்கள் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் எழுபத்தைந்து வயது தாண்டிய பெரியவர்களின் கதையை அவர்கள் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும், அப்புறம் அவர்களை எங்கள் டிவிசன் சுவர்களில் வரைய வேண்டும்.

அவசரம் ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். ஒரு காலத்தில் விடியற்காலையில் தப்புப் பறை அடித்துப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்ட தாத்தா ஒருவர் எங்கள் டிவிசனில் இருந்தார். காமன் - ரதி கதையைச் சொல்லும் காமன் கூத்துப் பாட்டெல்லாம் ஏடு பார்க்காமல் விடிய விடியப் பாடுவார். பொங்கல் முடிந்ததும் வந்து பதிவு செய்கிறோம் தாத்தா என்று சொல்லிவைத்தோம். மாசியில் காமன் கம்பம் ஊன்றிய வாரமே அவர் போய்விட்டார். அவர் பாடியதில் மூன்று வரி மட்டும் ஒரு தம்பியின் போனில் இருக்கிறது, அதுவும் பாதியில் நின்றுபோகிறது. பிழை எங்களுடையதுதான், அதனால்தான் இனி யாரையும் அப்படி விட மனமில்லை.

இருக்கிற ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறோம். அவர் வாசலில் நடுவே நன்றாகக் குழிந்துபோன ஒரு அம்மி கிடக்கிறது. அது அவருடைய அக்காவின் அம்மி. மலையக மக்களை இந்தியாவும் இலங்கையும் பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்தில் அக்கா குடும்பத்துக்கு இந்தியா என்று வந்தபோது, கப்பலில் கல்லைத் தூக்கிக்கொண்டு போக முடியாதென்று விட்டுப் போனது. இன்றைக்கும் பாட்டி அதில்தான் சம்பல் அரைக்கிறார். கப்பலேறப் போனவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலை இங்கே பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். ஸ்டேஷனில் நடந்ததைக் கேட்டோம். "அக்கா கைய விடல, நாந்தான் விட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. பதிவில் தகரத்தில் விழும் மழைச் சத்தம் மட்டும்தான் நெடுநேரம் கேட்கிறது.

எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதி என்று இரண்டு நாடுகளும் பிரித்துக்கொண்டது, கடைசியில் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தர 2003இல் வந்த சட்டம் என்று இந்தக் கணக்கெல்லாம் தேடினால் எங்கேயும் கிடைக்கும். அந்த அம்மி எங்கேயும் கிடைக்காது. எங்கள் முன்னோர் இந்தியாவில் இருந்து வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து மலையகம் 200 என்று 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தார்கள், எங்களுக்கும் பெருமையாக இருந்தது. ஆனால் கதையைச் சுமந்திருக்கிறவர்கள் பெரும்பாலும் முழங்கால் வலியோடு லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் நாம்தான் போக வேண்டும்.

சுவரில் என்ன வரைவது என்பதையும் தெளிவாகவே சொல்கிறோம். கூடையோடு சிரிக்கிற பெண் படம் தேயிலைப் பெட்டிகளில் ஏற்கனவே இருக்கிறது, எங்களுக்கு அது வேண்டாம். ஒவ்வொருவரையும் அவரவர் முகச்சாயலில், அவரே சொன்ன ஒரு வரியோடு வரைய வேண்டும்: அம்மிக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டி, கையில் தப்புப் பறையோடு அந்தத் தாத்தா, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு இன்னொருவர். 2019 கடைசியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் படம் வரைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வரையத் தெரிந்த பிள்ளைகள் எங்களிடமும் இருக்கிறார்கள். கட்சி நிறமோ எந்தத் தலைவரின் படமோ அந்தச் சுவர்களில் வரக்கூடாது, இதில் நாங்கள் எல்லோரும் ஒரே முடிவில் இருக்கிறோம்.

சிக்கல் அனுமதியில்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய பிள்ளைக் காம்பிரா, கொழுந்து நிறுக்கும் மடுவம், லயத்துக் கடைசிச் சுவர் எல்லாமே தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. நாங்கள் போய்க் கேட்டால் வாய்ப்பேச்சோடு முடிந்துவிடும், உங்கள் அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் போனால் கதை வேறு. முன்பு தோட்டத்துக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்க வழியில்லை என்று சொல்வார்கள், 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தத் தடையும் தளர்ந்திருக்கிறது. பெயின்ட் செலவில் ஒரு பகுதிக்காவது சபையோடு நீங்கள் பேசித்தர வேண்டும். இங்கே சுவரெல்லாம் பாசி. சுரண்டிக் காயவிட்டு, வெளிச்சுவர் பெயின்ட்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. அதனால் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வேலையை முடிக்கப் பார்க்கிறோம்.

பதிவுக்கு உங்கள் கலாசார உத்தியோகத்தர் ஒருமுறை வந்து வழிகாட்டினால் போதும், நல்ல ரெக்கோடர் ஒன்று இரவலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பேசுகிறவரின் சம்மதம் இல்லாமல் ஒரு வார்த்தையும் வெளியே போகாது, வெளியில் விட வேண்டாம் என்று அவர் சொல்வதைத் தனியாக வைத்துவிடுவோம். பிரதிகளில் ஒன்று பாடசாலை நூலகத்திலும் இன்னொன்று தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை, அதற்கும் நீங்கள்தான் எழுதித்தர வேண்டும். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், அங்கேயும் ஒரு பிரதி கொடுக்க விரும்புகிறோம்.

ஒக்டோபர் 1, முதியோர் தினத்தில் பொன்னாடை போர்த்துவதை நாங்கள் குறை சொல்லவில்லை. அடுத்த முதியோர் தினத்துக்கு அவர்களை அவர்கள் படத்துக்கு முன்னால் உட்கார வைக்க ஆசைப்படுகிறோம்.

உத்தியோகத்தர் வரும் நாளை ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள், பெரியவர்களிடம் சொல்லிவைக்கிறோம். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு என்றால் மலையில் இருந்து மற்றவர்களும் இறங்கிவிடுவார்கள். மழை நாளில் மட்டும் வேண்டாம், தகரத்தில் மழை விழுந்தால் பாட்டி பேசுவது கேட்காது.

இப்படிக்கு,
மேல் டிவிசன் இளைஞர்களும் குடும்பத்தாரும்