தொடையில் கட்டிய பட்டைக்குத் தெரியாதவை

அன்புள்ள கண்ணா,

போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் உன்னை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவசரத்தில் அரைகுறையாகச் சொல்கிற விஷயமும் இல்லை இது. அதனால் எழுதுகிறேன்.

"டிவி முன்னால் நின்று கேம் ஆடுவதெல்லாம் உடற்பயிற்சியில் சேருமா அம்மா?" என்று கேட்டாய். தாராளமாகச் சேரும். இத்தனை வருடம் பிசியோதெரபியில் இருந்துவிட்டுத்தான் சொல்கிறேன். பக்கத்தில் இருந்துகொண்டு அப்பா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நீ. ஜிம்முக்குப் போனால் எல்லோரும் உன்னையே பார்ப்பது போல இருக்கிறது என்று இரண்டு இடத்தில் பாதியில் விட்டவன். அப்படிப்பட்ட உன்னை வேலை முடிந்ததும் தானாக எழுந்து நிற்க வைக்கிறது என்றால், அந்தக் கேம் மேல் எனக்கு மரியாதைதான்.

ஆனால் எவ்வளவு பலன் என்பது நீ ஆடுகிற விதத்தைப் பொறுத்தது. இதயம் வேகமாக அடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, தசைக்கு வேலை கிடைக்கிறதா, உடம்பு இதைத்தான் கணக்கில் வைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு வேண்டும் என்றிருக்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். எது மிதம், எது கடுமை என்று தெரிந்துகொள்ள மீட்டர் எதுவும் வேண்டாம். ஆடும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதம். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சுக்கு நிற்க வேண்டியிருந்தால் கடுமை. பாட்டே பாட முடிகிறது என்றால் கேம் ஆடுகிறாய், அவ்வளவுதான்.

எல்லாக் கேமும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடாதே. நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ என்ற கேம் கருவியில் ஆடுகிற வீ ஸ்போர்ட்ஸ், வீ ஃபிட் பிளஸ் இரண்டையும் ஜப்பானில் சிலரை மூடிய அறைக்குள் ஆட வைத்து, அவர்கள் செலவழிக்கும் சக்தியை அளந்தார்கள். 2010-இல் அந்த முடிவுகள் வந்தன. அதில் இருந்த பயிற்சிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிதமான உழைப்பு. மீதி லேசானவை. கடுமை என்று சொல்லும்படி ஒன்றுகூட இல்லை. வீ ஸ்போர்ட்ஸ் டென்னிஸை சோபாவில் சாய்ந்தபடியே மணிக்கட்டை மட்டும் சுண்டி ஜெயித்துவிடலாம். கையில் இருக்கும் கண்ட்ரோலர் எப்படி அசைகிறது என்பதுதான் அதற்குத் தெரியும், நீ நிற்கிறாயா படுத்திருக்கிறாயா என்பது தெரியாது.

நீ வாங்கியிருக்கும் ரிங் ஃபிட் அட்வெஞ்சர் அதைவிட நன்றாக யோசித்துச் செய்தது. 2019-இல் வந்தது. கையில் பிடித்து ஆடும் வளையத்தை அழுத்தினாலும் இழுத்தாலும் அது எவ்வளவு வளைகிறது என்று உள்ளே இருக்கும் சென்சார் அளக்கிறது. இடது தொடையில் கட்டும் பட்டைக்குள் இருக்கும் கண்ட்ரோலர், நீ நின்ற இடத்தில் ஓடுகிறாயா, எவ்வளவு கீழே இறங்குகிறாய் என்று தொடையின் அசைவை வைத்துக் கண்டுபிடிக்கிறது. கேமின் கதையில் வரும் டிராகனோடு சண்டை போட வேண்டுமானால் நீ ஸ்குவாட் போட்டாக வேண்டும், அதாவது முட்டியை மடக்கி இறங்கி எழ வேண்டும், வயிற்றை இறுக்கியாக வேண்டும். சோபாவில் சாய்ந்து ஜெயிக்கிற வேலை அங்கே நடக்காது. கைக்குச் சிவப்பு, காலுக்கு நீலம், வயிறு இடுப்புக்கு மஞ்சள், யோகாவுக்குப் பச்சை என்று நிறம் பிரித்து, அந்தந்த நிற எதிரிக்கு அந்தந்தப் பயிற்சிதான் அதிகம் பலிக்கும் என்று வைத்திருக்கிறார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. பிடித்த ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு மற்றதைத் தள்ளிப்போடுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். கேம் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பட்டை கட்டியிருப்பது உன் இடது தொடையில். நீ கல்லூரியில் விழுந்து அடிபட்டது வலது முட்டியில்.

நீ ஸ்குவாட்டில் இறங்கும்போது உன் உடம்பு உன்னைக் கேட்காமலேயே பாரத்தை இடது பக்கம் சாய்க்கும். வலித்த காலைக் காப்பாற்ற உடம்பு செய்கிற வேலை அது. வலி போன பிறகும் அந்தப் பழக்கம் வருடக்கணக்கில் தங்கிவிடும். இடது தொடை சரியான அளவுக்கு இறங்கியதா, கேம் "அருமை" என்று பாராட்டிவிடும். வலது முட்டி உள்பக்கமாக மடிந்ததா, குதிகால் தரையை விட்டு எழும்பியதா, முதுகு கூன் போட்டதா, இதில் ஒன்றுகூட அந்தப் பட்டைக்குத் தெரியாது. நீ தப்பாகச் செய்ததைச் சரி என்று சொல்லி, மறுநாள் எண்ணிக்கையையும் கூட்டச் சொல்லும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

அதனால் முதல் சில வாரம் ஸ்குவாட்டை மட்டும் இப்படிச் செய்து பார். பின்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொள். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, விரல் நுனிகளைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நில். முட்டியை முதலில் மடக்காதே. உட்காரப் போகிறவன் மாதிரி இடுப்பை முதலில் பின்னுக்குக் கொண்டுபோ. இரண்டு குதிகாலும் தரையில் அழுந்தியிருக்கட்டும். குனிந்து பார்த்தால் முட்டி, காலின் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பெருவிரலைத் தாண்டி உள்ளே போனால் அங்கேயே நிறுத்திக்கொள், அந்த ஆழம்தான் இப்போதைக்கு உன் அளவு. நாற்காலி விளிம்பைத் தொட்டுவிட்டு, இரண்டு பாதத்தாலும் தரையைச் சமமாகத் தள்ளி எழுந்திரு. இப்படி இறங்கினால் கேம் எதிர்பார்க்கும் ஆழம் சில நேரம் வராது, மதிப்பெண் குறையும். குறையட்டும். ஆரம்பத்தில் அது எவ்வளவு கடினம் வேண்டும் என்று கேட்கும் இல்லையா, அந்த எண்ணைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கௌரவம் பார்க்காமல் குறைத்து வை.

தசை வலிக்கும் மூட்டு வலிக்கும் உள்ள வித்தியாசத்தையும் கவனி. மறுநாள் தொடை முழுக்கக் கனமாக, தொட்டால் வலிப்பது போல இருந்தால் கவலையில்லை, இரண்டு மூன்று நாளில் போய்விடும். முட்டிக்குள்ளே ஒரே இடத்தில் குத்துவது, வீங்குவது, மாடிப்படி இறங்கும்போது சுருக்கென்பது, இதில் எது வந்தாலும் கால் பயிற்சியை நிறுத்திவிட்டு அங்கே ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டை நேரில் போய்ப் பார். போனில் என்னால் முட்டியைத் தொட்டுப் பார்க்க முடியாது.

அளவு மீறி ஆடுவது நிஜமான பிரச்சினை. 2007-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு சிறிய கடிதம் வந்தது. 29 வயது டாக்டர் ஒருவர் காலையில் தோள் வலியோடு எழுந்திருக்கிறார். அடிபடவில்லை, விளையாடப் போகவும் இல்லை. விசாரித்தால், முந்தைய நாள் மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடியிருக்கிறார். தோள்பட்டையின் பின்பக்கத் தசைநாணில் அழற்சி. ஒரு வாரம் மாத்திரையும் கேமுக்கு முழு ஓய்வும்தான் சிகிச்சை. நிஜ டென்னிஸ் என்றால் ராக்கெட்டின் கனமும் மைதானத்து ஓட்டமும் சீக்கிரமே களைப்பைத் தந்து உட்கார வைத்துவிடும். கேமில் அந்தக் களைப்பு தெரிவதில்லை, அடுத்த லெவல் மட்டும்தான் கண்ணில் படுகிறது. "இன்று போதுமா?" என்று உன் கேம் நடுவில் கேட்கும்போது, தயவுசெய்து போதும் என்று சொல்லப் பழகு. ஆரம்பத்தில் உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, முடிவில் தசையை நீட்டும் பயிற்சி இரண்டையும் அது காட்டும். அவசரத்தில் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நீ தாண்டாதே.

திட்டிக்கொண்டே போகிறேன் என்று நினைக்காதே. இந்தக் கேம்களால் எவ்வளவு நன்மை நடக்கும் என்று கண்ணால் பார்த்தவள் நான். வீ ஃபிட்டோடு வந்த பலகையின் நாலு மூலையிலும் சென்சார் உண்டு. ஏறி நின்றால் உடம்பின் பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை டிவியில் ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டும். 2010-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அதை ஆய்வுக்கூடக் கருவியோடு ஒப்பிட்டு, நிற்கும் சமநிலையை அளக்க நம்பத் தகுந்தது என்று எழுதினார்கள். அப்புறம் எங்களைப் போன்றவர்களுக்குத் துணிச்சல் வந்தது.

இடுப்பு எலும்பு முறிந்து குணமான ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். எலும்பு சேர்ந்துவிட்டது, தசையும் தேறிவிட்டது, ஆனால் பிடிமானத்தை விட மாட்டார். அடிபட்ட காலில் பாரம் போடுங்கள் என்று நாங்கள் சொல்லச் சொல்ல உடம்பை இன்னும் இறுக்கிக்கொள்வார். இரண்டு பக்கமும் கம்பி இருக்க, நடுவில் பலகையைப் போட்டு அவரை ஏற்றினோம். புள்ளியை வட்டத்துக்குள் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான் வேலை. கொஞ்ச நேரத்தில் காலை மறந்து புள்ளியையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். "போச்சு, வெளியே போயிடுச்சு" என்று தானே சொல்லிக்கொண்டு இடுப்பை நகர்த்தினார். கம்பியில் இருந்து ஒரு கை தானாக விலகியது. பாரம் பாதிக்குப் பாதி அடிபட்ட காலில் இருந்தது. அதை அவரிடம் அப்போது சொல்லாதீர்கள் என்று பக்கத்தில் இருந்த மாணவிக்குச் சைகை காட்டினேன்.

பயத்தை மறக்க வைப்பது சாதாரண விஷயமில்லை கண்ணா. ஆனால் அங்கே புள்ளியை அவர் பார்த்தார், அவர் முட்டியையும் முதுகையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அறையில் அந்த இரண்டாவது வேலையையும் நீயே செய்ய வேண்டும். ஆடும் இடத்தில் பக்கவாட்டில் ஒரு முழுநீளக் கண்ணாடி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மற்றவை சின்ன விஷயங்கள். கையை நாலு பக்கமும் நீட்டிச் சுற்றிப் பார், எதுவும் தட்டக் கூடாது. கண்ட்ரோலரின் மணிக்கட்டுக் கயிற்றை மாட்டிக்கொள். வீ வந்த புதிதில் கண்ட்ரோலர் கைநழுவிப் பறந்து டிவியில் மோதிய கதைகள் ஏராளம், 2006 டிசம்பரில் அந்த நிறுவனமே தடிமனான கயிறு மாற்றிக் கொடுத்தது. கீழ்வீட்டுக்காரர்கள் சத்தத்துக்கு முகம் சுளிக்கிறார்கள் என்றாயே, அமைப்பில் சைலண்ட் மோட் இருக்கிறது பார். ஓடுவதற்குப் பதில் முட்டியை மடக்கி எழுந்தால் போதும். உன் முட்டிக்கு அதை மட்டுமே நாள் முழுக்கச் செய்வது நல்லதில்லை. கனமான விரிப்பு ஒன்று போட்டு, மாலையில் ஓடுவதையும் சேர்த்துக்கொள். முடிவில் அது காட்டும் கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், அது தோராயம்தான். அதில் காட்டும் உழைத்த நேரத்தைப் பார். ஒரு மணி நேரம் ஆடியிருந்தாலும் கதை பார்த்தது, மெனுவில் தேடியது எல்லாம் கழிந்து, உழைத்த நிமிடம் நிறையக் குறைவாகத்தான் இருக்கும். 150 நிமிடக் கணக்கில் அதைத்தான் சேர்க்க வேண்டும்.

நண்பன் சொன்னான் என்று கண்ணை மூடி மாட்டிக்கொண்டு ஆடும் விஆர் ஹெட்செட் வாங்குவது பற்றியும் கேட்டாய். பீட் சேபர் மாதிரிக் கேம்களில் கை வீச்சு அதிகம், நன்றாக வியர்க்கும். ஆனால் உனக்குக் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தாலே தலை சுற்றும். வாங்குவதற்கு முன் அவன் வீட்டில் கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்துவிடு. சுற்றியிருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் ஆட வேண்டும் என்பதையும் நினைவில் வை, உன் அறை சின்னது.

சில மாதத்தில் கதை தீர்ந்துவிடும், அல்லது சலித்துவிடும். அப்போது கேமைக் குறை சொல்லாதே, உன்னையும் திட்டிக்கொள்ளாதே. பிடித்த பயிற்சிகளை மட்டும் கோத்து நீயே ஒரு வரிசை அமைத்துக்கொள்ள அதில் வழி இருக்கிறது. வளையம் எவ்வளவுதான் அழுத்தினாலும் அதே வளையம்தான், உன் கை வலுவாக வலுவாக அதுவும் கனமாகிக்கொண்டே போகாது. அந்தக் கட்டத்தில் ஒரு ஜோடி டம்பெல் வாங்கிக்கொள். எதைத் தூக்குவது, எப்படித் தூக்குவது என்று நான் சொல்லித் தருகிறேன்.

இந்த வாரக் கடைசியில் ஒரு வேலை செய். போனை இடுப்பு உயரத்தில் வைத்து, நீ ஸ்குவாட் போடுவதை முன்பக்கம் இருந்து ஒரு தடவையும் பக்கவாட்டில் இருந்து ஒரு தடவையும் வீடியோ எடுத்து அனுப்பு. அரைக்கால் சட்டை போட்டுக்கொள், முட்டி தெரிய வேண்டும். வெறுங்காலோடு நில். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடு. கேமராவுக்காக நன்றாகச் செய்கிற ஸ்குவாட் எனக்கு வேண்டாம், டிராகனை அடிக்கிற அவசரத்தில் நீ போடுகிற ஸ்குவாட்தான் வேண்டும்.

அன்புடன்,
அம்மா